இஸ்திரி அக்கா பார்க்காத வழி

சக்கரம் வைத்த எதில் ஏறினாலும் இஸ்திரி அக்கா தூங்கிவிடுவாள். பேருந்தோ ரயிலோ, யாருடைய காரோ, ஏறி உட்கார்ந்து வண்டி ஒரு குலுக்கு குலுக்கினால் போதும், கண் சொருகிவிடும். டிக்கெட் கொடுக்க வருகிறவர் தட்டி எழுப்பினால் எழுந்து வாங்கிக்கொள்வாள். வாங்கிய கையோடு மறுபடியும் தூங்கிப்போய்விடுவாள். கல்யாணமாகி முதன்முதலாகப் புருஷனோடு அவர் ஊருக்கு வந்த நாளிலேயே, புது மாப்பிள்ளையின் தோளில் சட்டை நனையும்படி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். பாவம், களைப்பு என்று கூட வந்தவர்கள் நினைத்தார்கள். அது களைப்பில்லை என்று புரிய அவர்களுக்கு நாலைந்து பயணம் பிடித்தது.

தரையில் நிற்கும்போது அவளைப் போல விழிப்பான ஆள் கிடையாது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பிரிவு அவள் பொறுப்பு. படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகள் உள்ளே இழுத்து மறுபக்கம் மடிப்பில்லாமல் வெளியே விடும். டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளை மட்டும் கையால்தான் தேய்க்க வேண்டும். நாள் முழுக்க நீராவியில் நின்று அவள் முகம் எப்போதும் குளித்துவிட்டு வந்தது போலிருக்கும். அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சலவைக்கூடத்திலும் தெருவிலும் அவள் இஸ்திரி அக்காதான்.

அவள் புருஷன் பல்செட் செய்பவர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, வீட்டின் முன்னறையில் மேஜை விளக்கடியில் குனிந்து, யார் யாருடைய சிரிப்பையோ மெழுகில் செதுக்குவார். அவருக்குப் பல்காரர் என்று பெயர் விழுந்திருந்தது. அலமாரி நிறைய வெள்ளைத் தாடைகள் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து ஒரு கணம் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். வீட்டில் இருக்கிறவர்களுக்கு அதுவும் நாற்காலி மேஜை மாதிரி ஒரு சாமான்.

அக்காவின் தங்கச்சி, மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரை ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அக்கா அங்கே போய் வருவாள். போய் வருவாளே தவிர, வழி என்று ஒன்றைப் பார்த்ததில்லை. இங்கே ஏறுவாள், அங்கே இறங்குவாள். நடுவில் எப்போதாவது லேசாக விழிப்பு வந்தால் பல்காரர் குரல் கேட்கும். "இப்பதான் ஒரு பெரிய ஆத்தைத் தாண்டினோம். தண்ணியே இல்ல, நடுவுல ஒரு லாரி நிக்குது." அவள் "ம்" என்பாள். அடுத்த விழிப்பில், "அங்க பாரு, மலை மேல கம்பி கட்டித் தொட்டி தொட்டியா கல்லு இறக்கறான்." அவள் கண்ணைத் திறந்து பார்ப்பதற்குள் அது பின்னால் போயிருக்கும்.

அப்படிக் காதில் விழுந்ததையெல்லாம் சேர்த்துவைத்து, அக்கா தனக்குள் ஒரு வழியைக் கட்டிக்கொண்டிருந்தாள். கோட்டுகளைத் தேய்க்கும்போது, கை தன்பாட்டுக்குக் காலரிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து கைக்கும் போய்க்கொண்டிருக்க, மனசு அந்த வழியில் கிளம்பிவிடும். வறண்ட ஆறு வரும், அதற்கப்புறம் கல் இறங்கும் மலை, அப்புறம் இன்னொரு பாலம். வரிசையெல்லாம் அவள் இஷ்டம். சில நாள் மலை முதலில் வரும், சில நாள் ஆறு. பல்காரருக்குப் பாலமும் புகைபோக்கியும் இயந்திரமும்தான் கண்ணில் படும் என்பதால், அவள் வழி நெடுக ஒரே பாலமாக இருந்தது. ஆள் நடமாட்டமே இல்லை. அந்த அமைதி அவளுக்குப் பிடித்திருந்தது. இஸ்திரி போட்ட துணி மாதிரி, எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லாத ஊர்கள்.

பல்காரரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. கனமான வண்டி, படிக்கட்டுக்கு அடியில் நிற்கும். அதிலேயே மலையைத் தாண்டி ஏரிக்கரை ஊருக்குப் போய்வர வேண்டும் என்பது அவருடைய ரொம்ப நாள் ஆசை. தனியாகத்தான். பின்னால் உட்கார்ந்தால் அக்கா தூங்கி விழுந்துவிடுவாள் என்பதால், அவளைக் கூட்டிப்போகும் பேச்சே எழுந்ததில்லை. இருபுறமும் தொங்கவிடும் பைகள், மழைக்கோட்டு, உபரி டியூப், காற்றடிக்கும் பம்ப் என்று ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். பைகள் நடையில் ஆணியில் தொங்கின. போகிற வருகிறவர் தோளில் எல்லாம் அவை இடிக்கும். "இன்னும் நீங்க கிளம்பல, உங்க மூட்டை தினமும் என்னைத் தள்ளிட்டுப் போகுது," என்பாள் அக்கா.

அவர் கிளம்பவேயில்லை. ஒருநாள் தெரிந்த தெருவிலேயே, பக்கவாட்டில் வந்த சைக்கிள்காரரை இடித்துக் கீழே தள்ளிவிட்டார். அதற்கு முந்தின வாரம் ஒரு கேட்டுத்தூண். கண் டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, பக்கப்பார்வை சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார். போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டுமருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம். எதிரில் இருப்பது நன்றாகத் தெரியும், அதனால் பல் வேலைக்குப் பங்கமில்லை. வண்டி மட்டும் இனிமேல் தொடக் கூடாது.

வீட்டுக்கு வந்து அவர் மேஜை விளக்கைப் போட்டார். வழக்கம் போல மெழுகைச் சூடாக்கினார். சில நாள் கழித்து வண்டியைப் பார்க்க ஒருவர் வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார், சீட்டில் ஏறி உட்கார்ந்து ஹாண்டிலை இப்படியும் அப்படியும் திருப்பினார். அக்கா ஈரக்கையோடு உள்ளேயிருந்து வந்தாள்.

"வண்டி விக்கிறதில்லைங்க," என்றாள்.

வந்தவர் பல்காரரைப் பார்த்தார். பல்காரர் அக்காவைப் பார்த்தார். வந்தவர் மெல்ல இறங்கிப் போனார்.

"விக்காம யார் ஓட்டப் போறா?" என்றார் பல்காரர். "அழகு பார்க்கவா வச்சுக்கறது?"

"நான் ஓட்டறேன்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவள் அதோடு விட்டிருப்பாள்.

"பஸ்ல சீட்டு தேடறப்பவே தூங்கற ஆளும்மா நீ."

"உட்கார்ந்து வர்றவதான் தூங்குவா. ஓட்டறவ எப்படித் தூங்குவா?"

"தூங்கிட்டா?"

"தூங்கிட்டா, ரெண்டு பேரும் ஒண்ணாப் போய்ச் சேருவோம்."

"எந்த ஊருக்குப் போய்ச் சேர்றதுன்னு முதல்ல சொல்லு," என்றார் அவர். அப்போதுதான் இருவரும் சிரித்தார்கள்.

விளையாட்டுக்குச் சொன்னதில்லை என்பதால் அவள் முதலில் டாக்டரிடம் போனாள். வாரா வாரம் அவள் கையால் தேய்த்த கோட்டைப் போட்டுக்கொள்ளும் டாக்டரம்மாதான். சோதனையெல்லாம் செய்துவிட்டு அவர் சொன்னார்: "வியாதின்னு ஒண்ணும் இல்ல. குழந்தையை ஆட்டினா தூங்குதில்ல, அந்த மாதிரி உங்களுக்கு ஆட்டம் பட்டாத் தூக்கம் வருது. ஆனா ஓட்டும்போது வராதுன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? கொஞ்சம் கொஞ்சமா ஓட்டிப் பாருங்க. வர்ற மாதிரி தெரிஞ்சா அந்த இடத்துலயே நிறுத்திடணும். சமாளிச்சுக்கலாம்னு நினைக்கவே கூடாது."

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது தெருமுனை மெக்கானிக். நாள் முழுக்கப் பேசாமல் இருப்பதில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. எஞ்சினோடு மட்டும் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். அக்காவை வண்டியில் உட்காரச் சொல்லி, அவள் கால் தரையை எட்டாததைப் பார்த்தார். சீட்டைக் கழற்றிப் பஞ்சைச் சீவி எடுத்தார். கிளட்ச் பிடியை அவள் விரல்களுக்குத் தோதாக உள்ளே தள்ளிவைத்தார். பிறகு, சலவைக்கூடத்துக்குப் பின்னால் லாரிகள் திரும்பும் காலி மைதானத்துக்குக் கூட்டிப்போய், வண்டியைப் பக்குவமாகத் தரையில் சாய்த்துப் படுக்க வைத்தார்.

"தூக்குங்கக்கா."

"ஓட்டக் கத்துக்க வந்தேங்க நான்."

"விழுந்தாத் தூக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் நான் ஓட்டக் கத்துக்கொடுப்பேன்."

இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. அவர் முறையைக் காட்டினார். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹாண்டிலையும் ஒரு கையால் சீட்டுக்குப் பின்னாலிருக்கும் கம்பியையும் பிடித்து, கையால் தூக்காமல் காலால் பின்னோக்கி நடக்க வேண்டும். நனைந்த விரிப்பு மூட்டைகளை வருஷக்கணக்காகத் தள்ளிய கால்கள் அவளுடையவை. வண்டி மெதுவாக, தூக்கம் கலைந்த எருமை போல எழுந்து நின்றது. அவளுக்கு அது மறுபடியும் செய்து பார்க்க வேண்டும் போலிருந்தது.

அதற்குப்பின் சாயங்கால வேளைகளில் மைதானத்தில் வட்டம் வட்டமாகச் சுற்றினாள். எஞ்சின் அடிக்கடி அணைந்தது. இரண்டு தடவை விழுந்தாள், ஒரு தடவை முழங்கை சிராய்த்தது. பல்காரர் ஓரத்தில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவள் பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் அவர் கால் தரையை அழுத்தும். அவள் அவருடைய குறுகிய பார்வைக்குள் நுழைந்து, கொஞ்ச நேரம் தெளிவாக இருந்து, அப்புறம் ஓரத்தில் கரைந்துபோவாள். சத்தம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். மறுபடி இந்தப் பக்கம் வருவாள். தனக்கு அப்படி உட்கார்ந்திருப்பது பிடித்துப்போயிற்று என்று பிற்பாடு தங்கச்சியிடம் சொன்னார்.

லைசென்ஸும் கிடைத்தது. எட்டுப் போட்டுக் காட்டும்போது பரிசோதகர் அவளைவிட வண்டியைத்தான் அதிகம் பார்த்தார். "இவ்வளவு பெரிய வண்டியில எங்கம்மா போகப் போறீங்க?" என்று கேட்டார். "தங்கச்சி வீட்டுக்கு," என்றாள்.

மூட்டை கட்டுவதில் அக்காவுக்கும் பல்காரருக்கும் கொஞ்சம் உரசல் வந்தது. அவர் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரு ஆளுக்கானது, ஒரு ஆண்பிள்ளைக்கானது. அடுப்பு ஒன்று இருந்தது, மடக்குக் கத்தி ஒன்று, கயிறு ஒரு மலையளவு. "இந்தக் கயிறு யாரைக் கட்ட?" என்று கேட்டாள். பாதியை எடுத்து வெளியே வைத்தாள். துணிகளைத் தன் வழக்கப்படி காற்றில்லாமல் அழுத்தி, சுருட்டி, செங்கல் செங்கலாக அடுக்கினாள். கனமானதெல்லாம் கீழேயும் முன்னாலும் வர வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். பல்காரரின் சொட்டுமருந்தைச் சூடு படாமலிருக்க ஈரத்துணி சுற்றிய டப்பாவில் வைத்தாள். எல்லாம் ஆனபின், பைகளைத் தூக்கிப் பார்த்து, "நான் வச்சிருந்தப்ப இதைவிட வெயிட்டா இருந்துச்சே," என்று பல்காரர் குறைப்பட்டுக்கொண்டார்.

நீண்ட தூரத்துக்கு முன் ஒரு ஒத்திகை வேண்டுமென்றார் மெக்கானிக். ஒரு நாள் காலை அக்கா ஓட்ட, பல்காரர் பின்னால் உட்கார, மெக்கானிக் தன் வண்டியில் பின்தொடர்ந்தார். நகரத்தை விட்டு வெளியே வந்ததும் சாலை நேராக விழுந்தது. இரண்டு பக்கமும் வெட்டவெளி. பனி இன்னும் முழுதாக விலகவில்லை. எஞ்சின் சத்தம் ஒரே சுதியில் காலுக்கடியிலிருந்து ஏறி முதுகில் பரவியது. அக்காவுக்குத் தன் கைகள் எங்கேயோ தூரத்தில் இருப்பது போலிருந்தது. கோட்டின் காலரிலிருந்து தோளுக்கு இஸ்திரிப்பெட்டி போகிற மாதிரி வண்டி போய்க்கொண்டிருந்தது. வறண்ட ஆறு வந்தது. நடுவில் லாரி நின்றது. அப்புறம் அந்த மலை, கம்பியில் தொங்கித் தொங்கி இறங்கும் தொட்டிகள், யாரும் இல்லாத பாலம்...

அந்தச் சாலையில் ஆறும் கிடையாது, மலையும் கிடையாது என்று அவளுக்குச் சட்டென்று உறைத்தது.

வேகத்தைக் குறைத்து, ஓரத்தில் ஒதுக்கி, வண்டியை நிறுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். மெக்கானிக் தன் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"தூக்கம் வந்துச்சா?" என்றார் பல்காரர்.

"வரப் பார்த்துச்சு." கொஞ்ச நேரம் தண்ணீரை வாயில் வைத்திருந்துவிட்டு விழுங்கினாள். "நீங்க சொல்லிச் சொல்லி எனக்குள்ள ஒரு ரோடு இருக்குங்க. அதுல போக ஆரம்பிச்சா தூக்கம் வருது. இந்த ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருந்த வரைக்கும் வரல."

"அந்த ரோட்டை நான்தானே போட்டேன்," என்றார் அவர் வருத்தத்தோடு.

"நல்ல ரோடுதான். என்ன, வண்டி ஓட்டத்தான் லாயக்கில்ல."

பல்காரர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேராக எதிரே ஒரு மின்கம்பம் தெரிந்தது, அதற்கப்பால் இன்னொன்று. "எனக்கு இந்த நேர் ரோடுதான் தெரியுது," என்றார். "உன் தலைக்கு மேலே கொஞ்சம் வானம். ரெண்டு பக்கமும் என்ன இருக்குன்னே தெரியல. தலையை எப்பத் திருப்பணும்னு தெரிஞ்சாத்தானே திருப்பறதுக்கு?"

அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. இடப்பக்கம் பார்க்கும்படி ஏதாவது வந்தால் அக்கா அவருடைய இடது முழங்காலைத் தன் முழங்கையால் லேசாக இடிப்பாள். வலப்பக்கமானால் வலது முழங்கால். அவர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்ப்பார். ஹெல்மெட்டுக்குள் கத்திப் பேச வேண்டியதில்லை. இடித்துக் காட்ட வேண்டுமானால் அவள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த இன்னொரு வழி அவளை இழுக்காது. அன்று திரும்பி வரும்போது பார்த்துப் பார்த்து இடித்தாள். ஒரு குளம், காயப்போட்ட வலைகள், சுவரில் படம் வரைந்த பள்ளிக்கூடம், ஒற்றைக் காலில் செருப்போடு ஓடும் குழந்தை. வீட்டுக்கு வந்து இறங்கியபோது பல்காரர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "கொஞ்சம் மெதுவா இடி. நான் செஞ்சு கொடுக்கற பல்லு மாதிரி மாத்திக்க முடியாது இதை."

மெக்கானிக் இன்னும் சில ஒத்திகைகளுக்குக் கூடவே வந்தார். தூக்கம் இரண்டாம் முறை தலைகாட்டவில்லை. ஆனாலும் அக்கா சில விதிகளை வைத்துக்கொண்டாள். முற்பகலில் மட்டும்தான் ஓட்டுவது, வெயில் ஏறினால் எந்த ஊரானாலும் அங்கேயே தங்கிவிடுவது, அலுத்தால் கௌரவம் பார்க்காமல் இறங்கி நடப்பது. "இப்படிப் போனா எப்பப் போய்ச் சேர்றது?" என்று தங்கச்சி போனில் கேட்டாள். "சேர்ந்தப்ப சேர்றோம். நீ சமைச்சு வச்சுக்கிட்டுக் காத்திருக்காத," என்றாள் அக்கா.

கிளம்பிய காலையில் தெருவில் அதிகம் பேர் இல்லை. மெக்கானிக் டயரில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார், செயினில் எண்ணெய் விட்டார், எஞ்சினிடம் ஏதோ சொன்னார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம், "சத்தத்துல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சா நிறுத்திட்டு எனக்குப் போன் பண்ணுங்க. போனை எஞ்சின்கிட்ட வைங்க, போதும்," என்றார். அவர் பேசி அக்கா கேட்ட மிக நீளமான பேச்சு அது.

வழி அவள் நினைத்திருந்த மாதிரி இல்லை. பாலங்கள் இருந்தன, ஆனால் சின்னதாக இருந்தன. வறண்ட ஆற்றில் அந்த வருஷம் தண்ணீர் ஓடியது. கல் இறக்கும் மலையை மூடிவிட்டிருந்தார்கள், தொட்டிகள் துருப்பிடித்துக் காற்றில் ஆடின. பல்காரர் சொல்லாமல் விட்ட ஒன்றுதான் வழியெங்கும் இருந்தது. ஆட்கள். தலையில் விறகோடு போகிறவர்கள், பேருந்துக்குக் காத்திருந்து அலுத்தவர்கள், வாசலில் நாற்காலி போட்டுக் காது குடைகிறவர்கள், தூக்கிவந்த பீரோவைச் சாலையோரம் இறக்கிவைத்துவிட்டு அதன்மேலேயே சாய்ந்து பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர். அவள் வழியில் இவ்வளவு நாள் ஒரு ஆள்கூட இல்லாமல் எப்படி இருந்தது என்று நினைத்துக்கொண்டாள். இவர்கள் ஒவ்வொருவரையும் தாண்டித்தான் அவள் தூங்கிக்கொண்டு போயிருக்கிறாள். அவர்களில் யாராவது ஜன்னலில் சாய்ந்த தன் முகத்தைப் பார்த்திருப்பார்களா என்று தோன்றியது.

மலையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு திருப்பத்தில் ஈரச் சருகில் பின்சக்கரம் வழுக்கி, வண்டி மெதுவாகச் சாய்ந்து படுத்தது. இருவருக்கும் அடி இல்லை. பல்காரர் பதறிக்கொண்டு கைகொடுக்க வந்தார். "தள்ளி நில்லுங்க," என்று சொல்லிவிட்டு அக்கா முதுகைக் கொடுத்துக் குந்தி வண்டியை எழுப்பி நிறுத்தினாள். அந்தப் பக்கமாக வந்த லாரி ஒன்று வேகம் குறைத்தது. ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவளைப் பார்த்துவிட்டு, பல்காரரைப் பார்த்து, "உங்களை நல்லாப் பார்த்துக்கறாங்க போல," என்று சொல்லிவிட்டுப் போனார். மேகம் சாலையிலேயே இறங்கி நடந்துகொண்டிருந்தது. அவர்கள் ஒரு மூடிய கடையின் தகரக் கூரைக்கடியில், ஈரக் கையுறைகளைப் பிழிந்துகொண்டு, அது தாண்டிப் போகும்வரை நின்றார்கள். அவசரமாக எங்கும் போக வேண்டியதில்லை என்பது இருவருக்குமே அங்கேதான் முழுதாகப் புரிந்தது.

தங்கச்சி வீட்டை அடைந்தபோது அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அக்காவைக் கட்டிக்கொண்டாள், அப்புறம் தள்ளி நிறுத்தி, வெயிலில் கறுத்த மூக்கையும் சேறு படிந்த பேன்ட்டையும் பார்த்தாள்.

"வழியெல்லாம் எப்படிக்கா இருந்துச்சு?"

அக்கா சொல்ல வாயெடுத்தாள். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "முதல்ல தண்ணி குடு," என்றாள்.

"நீங்களாவது சொல்லுங்க அத்தான்."

"எனக்குப் பாதி வழி அவ முழங்கையிலதான் தெரிஞ்சுது," என்றார் பல்காரர். உட்கார்ந்து கால்சட்டையை மேலே இழுத்து, இரண்டு முழங்கால்களிலும் கன்றிப்போயிருந்ததைப் பெருமையாகக் காட்டினார்.

மறுநாள் காலை எல்லோரும் எழுவதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். வண்டியிலிருந்து பைகளை அவிழ்த்துத் திண்ணைமேல் வைத்தாள். பல்காரர் ஓசை கேட்டு வெளியே வந்தார்.

"எங்க?"

"ஏரியைச் சுத்தி ஒரு ரோடு போகுதாம். எத்தனை தடவை வந்திருக்கேன், பார்த்ததே இல்ல."

"நானும் வரட்டுமா?"

அவள் யோசித்தாள். "இல்லைங்க. இது சும்மா ஒரு சுத்து. வந்து சொல்றேன்."

அவர் தலையாட்டினார். மூட்டையும் இல்லாமல் பின்னால் ஆளும் இல்லாமல் வண்டி இலேசாக இருந்தது, அவள் நினைத்ததைவிட வேகமாக முன்னால் பாய்ந்தது. ஏரிக்கு மேலே பனி ஒரு விரிப்பு மாதிரி கிடந்தது. சாலை தண்ணீரை ஒட்டியே வளைந்து போயிற்று. எதிரே படகை இழுத்துக் கரையேற்றிக்கொண்டிருந்த ஒருவர் கையைத் தூக்கினார். யாரென்று தெரியாமலேயே அக்காவும் ஒரு கையை எடுத்துக் காட்டினாள். அப்புறம் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வளைவுக்கு வண்டியைச் சாய்த்தாள்.